பக்கத்து இருக்கைக்காரர்

கார் வாங்குவது என்று முடிவான அன்றே, எந்தக் கார் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பல்லுக்காரரின் தலையில் கட்டிவிட்டாள் அவர் மனைவி. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரும் தெரியாது. சைக்கிள்கூட, சின்ன வயதில் விழுந்து எழுந்ததோடு சரி.

"எந்த வண்டியைக் குடுத்தாலும் நான் ஓட்டுவேன். என் பொழப்பே அதுதான். காலம் பூரா பக்கத்துல உக்காந்து வரப்போறது நீங்க. உங்களுக்கு எது ஒத்து வருதோ அதைச் சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணும் தெரியாத ஆள்கிட்டப் போய்க் கேட்டா?"

"பல்லு வச்சுக்கிறவங்கல்லாம் பல்லு செய்யத் தெரிஞ்சா வர்றாங்க? வாயில போட்டுப் பாத்துட்டு, உறுத்துது, உறுத்தலைன்னு சொல்றாங்கல்ல? அப்படிச் சொல்லுங்க போதும்."



பல்லுக்காரர் என்றால் பல் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புகிற வாய்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். வீட்டின் பின்னறைதான் அவர் பட்டறை. அங்கே சுவரோரத் தட்டுகளில் பிளாஸ்டர் வாய்கள் வரிசையாகத் திறந்து கிடக்கும். அவர் சட்டையில், புருவத்தில், சமயத்தில் டீ தம்ளரின் விளிம்பில்கூட வெள்ளைத் தூசி படிந்திருக்கும். தெருவில் யாராவது நின்று வணக்கம் சொன்னால் முகம் பிடிபடாமல் விழிப்பார். அந்த ஆள் சிரித்துவிட்டால் போதும், "அட, கீழ்வரிசை நாலு பல்லு!" என்று உடனே நினைவு வந்துவிடும்.

மனைவி, கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பழகுகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்தப்பட்ட இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பகலைக் கழிப்பவள். படித்துப் போனவர்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. தொலைக்காட்சியில் யாராவது அசட்டையாகச் சாலையைக் கடந்தால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பாள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாள். பல்லுக்காரர் அவள் இரவில் பற்களில் மாட்டிக்கொள்ள ஒரு கவசம் செய்து கொடுத்திருந்தார். அதையும் கடித்தே தேய்த்துவிட்டு, "ரொம்ப மெல்லிசா செஞ்சுட்டீங்க" என்று குறை வேறு சொல்வாள்.

இருவரும் எங்கே போனாலும் ஸ்கூட்டர்தான். அவள் ஓட்டுவாள், செய்து முடித்த பற்களின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் பயணத்தில் பார்த்தது ஒரு ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத்தான். அதில் எங்கெங்கே கீறல் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

இப்போது பல்லுக்காரரின் மாமனார் இவர்களோடு வந்து தங்கிவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் மடங்க மறுத்ததால் ஸ்கூட்டரில் ஏற முடியாது. வீட்டுக்குள்ளேயே கிடக்கவும் பிடிக்காது. கார் பேச்சு அப்படித்தான் எழுந்தது.

அவளுடைய பயிற்சிப் பள்ளி ஆட்கள் இரண்டு வண்டிகளைச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒரே ஷோரூமில், கண்ணாடிக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று சதுரமாக, உயரமாக, பெரிய பெரிய ஜன்னல்களோடு, வெளிர் சாம்பல் நிறத்தில். இன்னொன்று அதே நீளம்தான்; ஆனால் முன்பக்கம் தாழ்ந்து, கூரை பின்னோக்கிச் சரிந்து, பழுத்த மிளகாயின் சிவப்பில் இருந்தது.

மாமனார் இரண்டையும் ஏற இறங்கப் பார்த்தார். "இது அலமாரி. அது ஷூ" என்றார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அந்த வண்டிகளுக்கு வேறு பெயர் இல்லை.

ஷோரூம்காரர் கழுத்தில் டை கட்டி, அதை அடிக்கடி தடவிக்கொண்டிருந்தார். "இது குடும்ப வண்டி சார். அது மனசுக்குப் பிடிச்ச வண்டி" என்றார்.

"அப்ப குடும்பம் மனசுக்குப் பிடிக்காததா தம்பி?" என்று கேட்டார் மாமனார். டைக்காரர் டையைத் தடவிக்கொண்டார்.

முதலில் அலமாரி. கதவு அகலத் திறந்தது. மாமனார் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்து, "அப்பாடா" என்றார். டிக்கியைத் திறந்து பார்த்தார் பல்லுக்காரர். பிளாஸ்டர் மூட்டைகளைப் படுக்கப் போட்டாலும் இன்னும் இடம் மிஞ்சும். முன்னால் வந்து உட்கார்ந்து, மனைவி வண்டியைக் கிளப்பியதும் உலகம் சற்றுக் கீழே போய்விட்டதுபோல இருந்தது. தினமும் கடந்து போகிற மதில்களுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வீட்டில் பழைய குளியல் தொட்டியில் யாரோ செடி வளர்த்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெண் கட்டிலை மாலை வெயிலில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அது அலுவலகங்கள் விடும் நேரம். கடைவீதியில் பஸ்களும் ஆட்டோக்களும் முட்டி மோதின. பல்லுக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். வண்டி ஓட்டுகிற அவள் முகத்தை அவர் பக்கத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. காதோரத்தில் தாடைத் தசை கல்லாக இறுகியிருந்தது. முன்னால் போகிற ஒவ்வொருவரும் அடுத்த நொடியில் என்ன தப்பு செய்யப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிற கண்கள். இந்த முகத்தோடுதான் இத்தனை வருஷமும் என்னை உட்கார வைத்து ஓட்டினாளா என்று நினைத்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள் இறங்கியதும்.

"உறுத்தல."

"அவ்வளவுதானா?"

"உறுத்தலன்னா பெரிய விஷயம்" என்றார்.

மறுநாள் காலை ஷூ. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மாமனாரை அதற்குள் ஏற்றுவதற்குள் டைக்காரருக்கு வேர்த்துவிட்டது. தலையைக் குனிந்தால் கால் இடித்தது. காலை மடக்கினால் தலை இடித்தது.

"என்னை மடிச்சு வைக்கப் பாக்கறீங்க. நான் வேட்டியா?" என்றார் மாமனார் உள்ளேயிருந்து.

"இந்த வண்டியோட அருமை ஊருக்குள்ள தெரியாது மேடம். ஏரிக்கரை ரோட்டுல போய்ப் பாருங்க" என்று பின்னாலிருந்து வழி சொன்னார் டைக்காரர்.

ஊரைத் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. ஒருபக்கம் ஏரிக்கரையின் தாழ்ந்த சுவர், இன்னொரு பக்கம் நனைந்த மரங்கள். சாலை நேராகப் போகாமல் நீரின் ஓரம் எப்படியெல்லாம் வளைந்ததோ அப்படியெல்லாம் வளைந்தது. வண்டி தரையோடு தரையாகப் போனது. இருக்கை அவரை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் மரங்கள் அருகில் வந்து, முகத்தைக் காட்டிவிட்டு, விலகிப் போயின. மழைத்துளிகள் கண்ணாடியில் கீழே இறங்காமல் மேல்நோக்கி ஓடின. தாங்கள் நகரவில்லை, சாலைதான் தங்களுக்குக் கீழே எங்கோ உருவிக்கொண்டு போகிறது என்று தோன்றியது அவருக்கு. தலைக்கு மேலிருந்த கைப்பிடியை அவர் விடவில்லை. ஆனால் எப்போதிலிருந்து பயம் போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போதுதான் மனைவியைப் பார்த்தார். அவள் கீழுதட்டின் ஓரத்தைக் கடித்திருந்தாள். கடித்த இடத்திலிருந்து ஒரு சிரிப்பு கசிந்து கன்னத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மேல்வரிசையில் லேசாகத் தூக்கிய அந்த ஒற்றைப் பல் வெளியே தெரிந்தது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவர் பார்த்த பல். அதற்குப் பிறகு அது தெரிய அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தார். பிடிபடவில்லை. வளைவு வந்தது; அவள் அதற்குள் போய் வந்தாள்; அவர் சாலையைப் பார்க்கவே இல்லை.

"மாமா, எப்படி இருக்கு?" என்று கேட்டார் பின்னால் திரும்பாமலே.

"எனக்கு என்ன தெரியுது? என் முட்டிதான் தெரியுது" என்று குரல் வந்தது. "ஜன்னலா இது? மாத்திரை டப்பா மூடி மாதிரி இருக்கு."

அன்று மத்தியானம் பட்டறையில் அவருக்கு வேலை ஓடவில்லை. மெழுகு உருகி வழிந்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தபோது, "ஷூவையே எடுத்துக்கலாம்" என்றார்.

அவள் கதவில் சாய்ந்து நின்றாள். "ஏன்?"

"சீட்டு நல்லா இருக்கு."

"சீட்டா? கைப்பிடியைப் பிச்சு எடுத்துட்டு வராத குறைதான்."

"கலரும் நல்லா இருக்கு."

"செவப்பு சட்டை வாங்கிக் குடுத்தப்ப, நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு திருப்பிக் குடுத்த ஆளு நீங்க. உண்மையைச் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த பிளாஸ்டர் அச்சை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பினார். "அதை ஓட்டும்போது உன் மூஞ்சி நல்லா இருந்தது" என்றார்.

"மூஞ்சியா?"

"ஆமா. அலமாரியில நேத்து அப்படி இல்ல. சண்டைக்குப் போற மாதிரி இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. புடவைத் தலைப்பால் மேஜை விளிம்பிலிருந்த தூசியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "ரோட்டைப் பாருங்கன்னு முன்னாடி உக்கார வச்சா, என் மூஞ்சியைப் பாத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் கடைசியில்.

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது. பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டார்.

"தப்பு பண்ணிட்டேன்."

"என்ன?" என்றார் மாமனார்.

"பல்லு நிறம் பொருத்தறப்ப ஒண்ணை ட்யூப்லைட்லயும் இன்னொண்ணை வெயில்லயும் வச்சுப் பாக்கக் கூடாது. ரெண்டையும் ஒரே வெளிச்சத்துல பாக்கணும். நாம அலமாரியைக் கடைவீதியில ஓட்டிட்டு, ஷூவை ஏரிக்கரையில ஓட்டியிருக்கோம். இது என்ன நியாயம்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் மாமனார். அவர் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் மூன்றாவது தடவையாக வந்து நின்றவர்களைப் பார்த்து டைக்காரர் முகம் சுளிக்கவில்லை. உள்ளே என்ன நினைத்தாரோ. "அலமாரியை எடுக்கணும்" என்று மாமனார் சொன்னதும் ஒரு கணம் விழித்தார். பிறகு புரிந்துகொண்டு சாவியை எடுத்து வந்தார்.

ஊர் முடிந்து அதே ஏரிக்கரைச் சாலை தொடங்கியது. அன்றும் வெயில் வரவில்லை. மேகம் தாழ்ந்து நீரின் மேலேயே உட்கார்ந்துவிட்டதால், ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தது. ஷூவில் வந்தபோது வெறும் சுவராகத் தெரிந்த கரைக்கு மேல், இன்று ஏரி முழுவதும் தெரிந்தது. முன்தினம் இதைப் பார்க்கவே இல்லையே என்று வியந்தார். நடு ஏரியில் ஒரு படகு இருந்தது. அதில் ஆள் இருந்தாரா என்று தெரியவில்லை. வண்டி வளைவுகளில் அவசரப்படாமல், தூக்கக் கலக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. பள்ளங்கள் வந்ததும் போனதும் வேறு யாருக்கோ நடந்ததுபோல இருந்தது.

பின்னால் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தார். மாமனார் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேனின் உச்சியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து கடலைப் பார்த்த காலத்தில் அவர் இப்படித்தான் இருந்திருப்பார். டைக்காரர் அவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் டை தோளுக்கு மேலே ஏறிக் கிடந்தது.

பல்லுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். முதலில் ஒன்றும் இல்லை; கடைவீதியில் பார்த்த அதே இறுக்கம். ஷூவில் பார்த்த சிரிப்பு வருகிறதா என்று காத்திருந்தார். வரவில்லை. சாலை வளைந்து வளைந்து போயிற்று. எந்த இடத்தில் அது நடந்தது என்று அவரால் பிறகும் சொல்ல முடியவில்லை. காதோரத் தசை இளகியது. உதடுகள் மூடியிருந்தன, ஆனால் உள்ளே பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. அவர் தொழிலில் அதுதான் முதல் பாடம். வாய் ஓய்வாக இருக்கும்போது மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து, தளர்வாக விடுங்கள், தளர்வாக விடுங்கள் என்று மருத்துவர்கள் கெஞ்சினாலும் பலருக்கு அது வாய்ப்பதில்லை. தன் மனைவியின் முகத்தில் அவர் அதை ஒரு நாளும் கண்டதில்லை, தூங்கும்போதுகூட. இப்போது அவள் சுற்றியிருந்த எதையும் காவல் காக்காமல் போய்க்கொண்டிருந்தாள். பிரேக்கம்மாவின் கால் பிரேக் மேல் இல்லை.

பேசினால் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

ஷோரூமுக்குத் திரும்பியதும், "அலமாரி" என்றார் அவளிடம்.

"நேத்து ஷூ. இன்னிக்கு அலமாரி. நாளைக்கு?"

"நாளைக்கும் அலமாரிதான்."

"ஏன், இன்னிக்கு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"சொல்லத் தெரியல. யாரும் உன்னை எதுக்கும் கூப்பிடாத மாதிரி இருந்துச்சு."

அவள் டைக்காரரிடம் திரும்பினாள். "இதை எடுத்துக்கறோம். அதுக்கு முன்னாடி அந்தச் செவப்பு வண்டியை இன்னொரு தடவை எடுத்துட்டுப் போகலாமா? நான் மட்டும்."

"கூட நான் வரணும் மேடம். கடை விதி."

"நான் லைசென்ஸ் வாங்கிக் குடுத்த ஆளுங்கதான் இந்த ஊர்ல பாதிப் பேரு. வேணும்னா இவங்க ரெண்டு பேரையும் அடமானமா வச்சுக்குங்க."

டைக்காரர் அடமானத்தைப் பார்த்தார். ஒருவர் புருவம் முழுக்க வெள்ளைத் தூசி. இன்னொருவர் ஏற்கெனவே சோபாவில் காலை நீட்டிவிட்டார். மேலாளர் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாவியை நீட்டினார்.

சிவப்பு வண்டி கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் மெல்ல நகர்ந்து, சாலையில் இறங்கி, தூறலில் கரைந்து போயிற்று. அடமானங்கள் இரண்டும் டீ குடித்தன. தண்ணீர் பார்க்கத் தோதான ஜன்னலைப் பற்றி மாமனார் டைக்காரருக்கு விவரித்துக்கொண்டிருந்தார். பல்லுக்காரர் வாசலையே பார்த்திருந்தார். அவள் இப்போது எந்த வளைவில் இருப்பாள் என்று யோசித்தார். உதட்டைக் கடித்திருப்பாளா? அந்தப் பல் தெரியுமா? பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். பார்க்க ஆளில்லாத அந்த முகம் எப்படி இருக்கும் என்று தனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை என்று நினைத்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. யார் மேல் பொறாமை என்பதுதான் விளங்கவில்லை. பிறகு அதுவும் போய், தானும் எங்கோ மழைக்குள் போய்க்கொண்டிருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

சொன்ன நேரத்தைத் தாண்டி வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டியிருக்க வேண்டும்; ஒருபக்கத் தலைமுடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. டைக்காரருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அவள் சாவியை அவர் கையில் வைத்து, ஏதோ இரவல் வாங்கிய நகையைத் திருப்பிக் கொடுப்பதுபோல அதன் மேல் ஒருமுறை விரலை வைத்து எடுத்தாள்.

"வருத்தமா இருக்கா?" என்றார் பல்லுக்காரர், யாருக்கும் கேட்காத குரலில்.

"வருத்தம் எதுக்கு? ஓட்டணும்னு இருந்துச்சு, ஓட்டிட்டேன். நல்ல வண்டிங்க. ஆனா இன்னும், இன்னும்னு நச்சரிக்குது. நிக்கவே விடமாட்டேங்குது. அடுத்தவங்க அவசரத்தோட நாள் பூரா கிடக்கிறேன். சாயங்காலம் வண்டியோட அவசரமும் சேந்துச்சுன்னா தாங்காது." நனைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "உங்களுக்காகவோ அப்பாவுக்காகவோ விட்டுக் குடுத்தேன்னு ரெண்டு பேரும் நினைச்சுக்காதீங்க. அப்புறம் எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"நினைக்கல."

"நினைச்சீங்க."

"கொஞ்சம்" என்று ஒத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அலமாரி அவர்களுடையதாயிற்று. ஷோரூமிலிருந்து வீடு பக்கம்தான். மாமனார் பின்னால் ராஜா மாதிரி உட்கார்ந்து, கண்ணில் பட்ட கடைப் பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். மருந்துக் கடை, மின்சாதனப் பழுது, குழந்தைகள் உடை. வீட்டுத் தெருவின் முனை வந்தது. அவள் திரும்பவில்லை. நேராக ஓட்டிக்கொண்டு போனாள். கடைப் பலகைகள் குறைந்து, மாமனார் படிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மரங்கள் தொடங்கின. வழி முழுக்க விழித்திருந்து பார்க்க வேண்டும் என்று பல்லுக்காரர் உறுதியாக இருந்தார். இமை கனத்தது. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் எங்கோ அவரை அறியாமல் தூங்கிப்போனார்.

விழித்தபோது வண்டி நின்றிருந்தது. என்ஜின் சத்தம் இல்லை. பக்கத்து இருக்கையும் பின்னிருக்கையும் காலி. கதவுகள் திறந்திருக்க, ஈரக் காற்று வண்டிக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில், கரைச் சுவரின் மேல் மனைவியும் மாமனாரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் கையை நீட்டி, ஏரிக்கு அந்தப்பக்கம் எதையோ காட்டினார். அவள் இல்லை என்பதுபோலத் தலையாட்டி, வேறு பக்கம் காட்டினாள். இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை.

இறங்கிப் போகலாமா என்று நினைத்தார். பிறகு இருக்கையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் திரும்பி வரும் வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.